பேனலுக்கு அடியில் கொறங்காடு

ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டுகிற மழை மலைத்தொடருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பழனி மலையின் வடக்கு அடிவாரத்துக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளைத் தாண்டி ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், தாராபுரம் என்று வடக்கே போகப்போக நிலம் வறண்டு, கொறங்காடு என்கிற வேலியடைத்த மேய்ச்சல் காடு தொடங்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், அதன் நிழலில் செம்மறி. ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பி, ஒரு போகம் சோளம்கூட நிச்சயமில்லாத மண்ணில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைக் காப்பாற்றிய முறை அது.

அதே வெயிலும் அதே மேட்டு நிலமும்தான் சோலார் நிறுவனங்களையும் இங்கே கொண்டுவருகின்றன. ஒரு மெகாவாட்டுக்கு நாலிலிருந்து ஐந்து ஏக்கர் வேண்டும். வேலி போட்டு கேட்டைப் பூட்டியதும் வெளியே ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல் போய்விடுகிறது. உள்ளே இருப்பவர்கள் புல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு மந்தைச் செம்மறி இரண்டு குறையையும் சேர்த்துத் தீர்க்கும். ஆனால் கேட்டைத் திறந்து ஆட்டை உள்ளே ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தால் ஒரு மாதத்தில் கண்ணாடியும் உடையும், ஆடும் நோயில் விழும். கொறங்காட்டை எப்படி நடத்துவோமோ அப்படியே இதையும் நடத்த வேண்டும் என்பதுதான் என் கட்சி.

உலகத்துக்கு இது புதிதல்ல. சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், தாலாதான் என்ற இடத்தில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துப் பாலை நிலத்தில் பேனல் போட்டார்கள். நிழலும், பேனல் கழுவிய தண்ணீரும் சேர்ந்து புல் முளைத்து மண்டியது. அக்கம்பக்கத்து மேய்ப்பர்களின் ஆடுகளை உள்ளே விட்டார்கள். பிறகு வந்த பேனல்களை ஆட்டுக்காகவே உயர்த்திக் கட்டினார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்டுக்காரர்களின் சங்கம் இருக்கிறது. அந்நாட்டின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பேனல் அடியில் புல்லின் அளவு குறைந்தாலும் தரம் கூடியிருந்ததால், குட்டிகளின் எடை திறந்தவெளிக் குட்டிகளின் எடைக்குக் குறையவில்லை. கொறங்காட்டுக்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வெள்வேல மரத்தடியில் புல் கடைசியாகத்தான் காயும்.

புல்லை ஏன் விட்டுவைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேனல்கள் வரிசையாகத் தொடர் இணைப்பில் இருக்கின்றன. கீழ் விளிம்பில் ஒரு கொத்துப் புல் நிழல் விழுத்தினால், நிழல் பட்ட செல்கள் மின்சாரம் தராமல் சூடாகத் தொடங்கும். உள்ளே இருக்கும் பைபாஸ் டையோடு அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வழி செய்யும் என்றாலும், அந்த அளவு உற்பத்தி இழப்புதான். நாள்பட்டால் அந்த இடம் கருகும். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும். ஆள் உயரப் புல்லுக்குள் கண்ணாடிவிரியன் படுத்திருக்கும். கேபிளைச் சரிபார்க்கக் குனிகிற தொழிலாளிக்குத்தான் ஆபத்து. பிரஷ் கட்டர் போட்டால் கல் தெறித்துக் கண்ணாடியை உடைக்கும். களைக்கொல்லி அடித்தால் வேரும் செத்து மண் மொட்டையாகும். அடுத்த மழை தூண் அடி மண்ணை அரித்துக்கொண்டு போகும், ஆடிக்காற்று புழுதியை வாரிப் பேனல் மேல் பூசும்.

வெள்ளாட்டை விடக்கூடாது. முன்னங்கால்களைத் தூக்கிப் பேனல் விளிம்பில் வைத்து நிற்கும், தாழ்வாக இருந்தால் மேலேயே ஏறிவிடும், தொங்குகிற கேபிளைக் கடிக்கும். மாடு தூணில் உடம்பைத் தேய்த்தால் போல்ட் தளரும். செம்மறி தலை குனிந்து மேய்கிற பிராணி. இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் மந்தையை முன்னால் நடத்திப்போக நாலைந்து வெள்ளாடுகளைச் சேர்த்தே வைத்திருப்பார்கள். அவற்றை வெளியே நிறுத்திவிட்டால் மந்தை திசை தெரியாமல் சிதறும். ஒரு மூத்த செம்மறிப் பெட்டைக்கு மணி கட்டி, கம்பு காட்டி, கூப்பிட்டால் வருகிற மாதிரி ஒரு மாதம் முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

இனம் என்றால் என் ஓட்டு மேச்சேரிக்கு. கம்பளி இல்லை, ரோமம்தான். அதனால் போல்ட்டிலும் கிளாம்பிலும் சிக்காது. கிடாய்க்கும் பெட்டைக்கும் பெரும்பாலும் கொம்பு கிடையாது. இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஆடு. மலைக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ வளர்க்கிறது. அழகான ஆடுதான், ஆனால் அது கம்பளிக்காக, குளிருக்காக உருவான இனம். நிழல் இருக்கிறதே என்று அதைக் கீழே இறக்கினால் ஆட்டுக்குத்தான் துன்பம்.

இனி அளவுகள். இப்போது பரவலாகப் போடுகிற 540 வாட் பேனல் ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். இரண்டை நெட்டுக்குத்தாக அடுக்கினால், பேனல்களைத் தாங்கி நிற்கிற மேசையின் சரிவு நீளம் நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் அட்சரேகைக்கு 10 முதல் 12 டிகிரி சாய்வு போதும் என்பதால், கீழ் விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் உயர வித்தியாசம் 90 சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே கீழ் விளிம்பு எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் இருந்தால் சமாளிக்கலாம், ஒரு மீட்டர் இருந்தால் நிம்மதி. அரை மீட்டர் என்றால் ஆடு முதுகைச் சொறிந்துகொள்ள அந்த அலுமினிய விளிம்பைத்தான் தேடும், சட்டம் பிதுங்கும். சூரியனைப் பின்தொடர்ந்து திரும்புகிற வகைப் பேனல் என்றால், காலையிலும் மாலையிலும் முழுச் சாய்வில் கீழ் விளிம்பு எவ்வளவு இறங்குகிறது என்பதை நேரில் நின்று டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும். மதிய உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஆடு உள்ளே வரும் முன் செய்ய வேண்டியவை பல. வரிசைகளில் ஓடுவது 1,000 முதல் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். தொங்குகிற ஒவ்வொரு கேபிளையும் தூக்கி, பேனலைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான பர்லினோடு எஃகு கிளிப் போட்டுக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் கேபிள் டை இந்த வெயிலில் சில வருடங்களில் முறிந்து விழும், கேபிள் ஆட்டின் காது உயரத்துக்கு இறங்கும். தரையிலிருந்து மேலேறுகிற கேபிளுக்குக் குழாய் உறை வேண்டும். இன்வெர்ட்டர், டிரான்ஸ்பார்மர் முற்றங்களுக்குத் தனிக் கம்பிவேலி. தரைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிற எர்த்திங் பட்டை ஆட்டின் காலை ஒடிக்கும். அதைப் புதைக்க வேண்டும்.

இதைவிட அலட்சியப்படுத்தப்படுவது குப்பை. கட்டுமானம் முடிந்த நிலத்தில் ஒரு வரிசை நடந்து பார்த்தால் தெரியும்: வெட்டிப்போட்ட கேபிள் டை வால்கள், செம்புக் கம்பித் துண்டு, கனெக்டர் மூடி, வாஷர், பேக்கிங் நாடா. ஆடு புல்லோடு சேர்த்து இதையும் விழுங்கும். பிளாஸ்டிக் இரைப்பையில் பந்தாகச் சுருண்டு அசை போடுவது நிற்கும்; கம்பி குத்திக் கிழிக்கும். வரிசைக்கு இரண்டு பேராக, சாக்கு வைத்துக்கொண்டு கையால் பொறுக்குவதைத் தவிர வழியில்லை. இரும்புக்கு மட்டும் காந்தம் உதவும். ஒரு மழை பெய்து மண் கழுவப்பட்டபின் இன்னொரு தடவை பொறுக்க வேண்டும். முதல் தடவை புதைந்திருந்தது அப்போதுதான் வெளியே தெரியும்.

ஆட்டுக்காரரின் பழக்கங்களில் இரண்டை மாற்றியாக வேண்டும். விலகிப் போகிற ஆட்டைத் திருப்பக் கல் எறிவது கை தானாகச் செய்கிற வேலை. இங்கே ஒரு கல் போதும், கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடிவிடும். அந்தப் பேனலை ஒட்டவைக்க முடியாது, கழற்றி மாற்றத்தான் வேண்டும். இரண்டாவது தொரட்டி. தழை இழுக்கிற நீண்ட கழியும் நுனி இரும்பும் மின்கம்பிக்கும் பேனலுக்கும் பக்கத்தில் வரக்கூடாது. கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். இவற்றை உத்தரவு போடுகிற தொனியில் சொன்னால் எடுபடாது. உடைந்த பேனல் ஒன்றைக் காட்டி, ஏன் என்று விளக்கினால் எந்த ஆட்டுக்காரரும் புரிந்துகொள்வார். ஆட்டையும் நிலத்தையும் நம்மைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அவர்.

புல் தானாக முளைத்ததை மேய்த்தாலே போதும் என்பவர்கள் உண்டு. இயந்திரம் புரட்டிய மண்ணில் தானாக முதலில் வருவது பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும்தான். கொழுக்கட்டைப் புல்லை விதைப்பது நல்லது. ஹெக்டேருக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ விதை, புரட்டாசிக் கடைசியில், மேலாகத் தூவி முள்ளை இழுத்துவிட்டால் போதும். ஆழமாகப் புதைந்தால் முளைக்காது. கூடவே முயல் மசால் என்ற தீவனச் செடி. அதன் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி சூட்டில் இருக்கிற தண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். முயல் மசாலில் குட்டையாகப் படர்கிற ஹமாட்டா வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்கேப்ரா வகை புதராக உயர்ந்து பேனலை எட்டிவிடும். வேலி மசால் என்ற தீவனச் செடிக்கும் அதே குறை. விதைத்த முதல் வருடம் புல் பூத்து விதை உதிர்க்கும்வரை ஆட்டை விடாமல் இருப்பது நல்லது. அவசரப்பட்டால் வேர் பிடிக்காத நாற்றை ஆடு பிடுங்கியே எடுத்துவிடும்.

எத்தனை ஆடு என்பதற்கு ஏக்கருக்கு இத்தனை என்று மொத்தமாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. புல்லை அறுத்து எடைபோட வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, வரிசைக்கு நடுவே ஐந்து இடம், பேனல் அடியில் ஐந்து இடம் வைத்து, உள்ளே இருக்கும் தின்னக்கூடிய பச்சையை மட்டும் அறுத்து நிறுக்க வேண்டும். சராசரி 200 கிராம் வந்தது என்று வையுங்கள். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர், ஆக 800 கிலோ. பாதியை நிலத்துக்கே விட வேண்டும். 400 கிலோதான் ஆட்டுக்கு. ஒரு வளர்ந்த மேச்சேரி ஒரு நாளைக்கு மூன்றரைக் கிலோ பச்சை தின்னும். அப்படியானால் ஓர் ஏக்கர், ஓர் ஆட்டுக்கு 114 நாள். ஐந்து மெகாவாட், 25 ஏக்கர், 50 ஆடு என்றால், நிலத்தை இரண்டேகால் ஏக்கர் வீதம் 11 துண்டுகளாக்கி, துண்டுக்கு ஐந்து நாள் மேய்த்தால், முதல் துண்டுக்குத் திரும்பி வர 55 நாள் ஆகும். கொறங்காட்டில் படல் சாத்தி மாற்றி மேய்க்கிற அதே கணக்கு. இங்கே துண்டு பிரிக்கக் கிடைக்காரர்கள் பயன்படுத்துகிற நைலான் வலையே போதும்.

மாசிக்குப் பிறகு அதே சட்டத்தில் 80 கிராம்கூடத் தேறாது. அப்போது அந்தத் துண்டு இரண்டு நாள்தான் தாங்கும், மறுபடி தழைக்கவும் செய்யாது. கிடாய்க்குட்டிகளை அதற்கு முன்பே விற்றுவிட வேண்டும், மீதிக்குச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் வாங்கி வைக்க வேண்டும். பசிக்காக ஆட்டை உள்ளேயே விட்டுவைத்தால் வேர்வரை கரம்பி எடுத்துவிடும். பிறகு வருவது புழுதி.

இந்த ஐந்து நாள் என்ற எண் சும்மா வந்ததல்ல. பேனலுக்கு அடியில் ஆடு வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் தோற்கிற இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு ஆட்டின் நாலாம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதன் முட்டை புழுக்கையோடு விழுந்து, ஈரமும் சூடும் சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் புல் நுனிக்கு ஏறுகிற இளம்புழுவாகிவிடும். திறந்த கொறங்காட்டில் வெயில் அதைக் கருக்கும். பேனல் நிழலில் கருகாது. போதாததற்கு மழைத் தண்ணீர் முழுக்கக் கீழ் விளிம்பில் ஒரே கோட்டில் கொட்டுகிறது. நாலரை மீட்டர் மேசையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விளிம்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் 40 லிட்டருக்கு மேல் தண்ணீர். பேனல் கழுவும் தண்ணீரும் அங்கேதான் சொட்டும். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கையில் அந்த ஒரு முழ அகலப் பட்டை மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கும், மொத்த மந்தையும் வரிசை கட்டி அங்கேயே நின்று தின்னும், அங்கேயே புழுக்கை போடும். ஐந்து நாளில் துண்டை மாற்றிவிட்டால், தான் போட்ட புழுவைத் தானே தின்பதிலிருந்து மந்தை தப்பிக்கும். ஐம்பது நாள் ஓய்வில் புழுவின் எண்ணிக்கையும் பெருமளவு குறையும்.

மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றுவது தவறு. புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆட்டைக் கால்களுக்கு இடையில் நிறுத்தி, கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்பக்கம் செம்பருத்திச் சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிய ரோஜா நிறம் என்றால் கவனிக்க வேண்டும். காகிதம் போல வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு அன்றே மருந்து. தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கினால் ஏற்கெனவே தாமதம்.

கீழ் விளிம்பில் தண்ணீர் சொட்டுகிற அந்தப் பட்டை வேறு இரண்டு தொல்லையும் தரும். சரிவான செம்மண் நிலத்தில் அது வாய்க்காலாக அரிக்கும். ஈரத்தில் ஆடு மிதித்தால் இன்னும் ஆழமாகும். கொழுக்கட்டைத் தூரை அங்கே நெருக்கமாக வைத்து, குறுக்கே கல் அடுக்க வேண்டும். பெருமழை நாட்களில் ஆட்டைப் பட்டியிலேயே கட்டிப்போட்டுத் தழை கொடுத்துவிடலாம். மற்றது, சாணச் சேற்றில் பெருகுகிற சிறு கொசு போன்ற ஈக்கள். நீலநாக்கு நோயைப் பரப்புவது அவைதான், வடகிழக்குப் பருவத்தில்தான் அந்த நோயும் வரும். அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட வேண்டும். துள்ளுமாரி நோய்க்கும் அப்படியே: காய்ந்ததைத் தின்றுகொண்டிருந்த ஆடு மழைக்குப்பின் இளம்புல்லை வயிறு முட்டத் தின்றால், நேற்று நன்றாக இருந்தது இன்று காலையில் செத்துக் கிடக்கும். புது ஆட்டுக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கொன்று. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி போடாத ஆட்டைக் கேட்டுக்குள் விடவே வேண்டாம்.

செடிகளிலும் கண் வேண்டும். அழகுக்காக வேலியோரம் வைக்கிற அரளி, கொஞ்சம் தின்றாலும் ஆட்டைக் கொல்லும். அதைப் பிடுங்குவது முதல் நாள் வேலை. உன்னிச்செடி கல்லீரலைக் கெடுக்கும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். பக்கத்துக் காட்டில் மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு ஏறியிருக்கும். சீமைக்கருவேலங்காயை ஆடு ஆசையாகத் தின்னும், ஆனால் விதை புழுக்கையோடு வெளியே வந்து பேனல் அடியில் முளைக்கும். வெளியில் காய் பொறுக்கிய மந்தையை மூன்று நாலு நாள் பட்டியில் வைத்துவிட்டு உள்ளே ஓட்ட வேண்டும். தாது உப்பு வாங்கும்போது மாட்டுக்கானதை வாங்காதீர்கள். அதில் உள்ள செம்பின் அளவைச் செம்மறி தாங்காது.

தண்ணீருக்கு 50 ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 250 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டியைத் துண்டுக்குத் துண்டு நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடம் மட்டும் மொட்டையாகும். கேபிள் புதைத்த தடத்தின் மேல் தொட்டி கூடாது.

இரவுப் பட்டியைப் பேனலுக்கு அடியில் போடவே கூடாது. ஓரிடத்தில் சேர்கிற மூத்திரத்தின் அம்மோனியா இரும்புத் தூணையும் இணைப்புகளையும் அரிக்கும். பேனல்களுக்கு அம்மோனியாச் சோதனை என்றே ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது என்பதிலிருந்தே அதன் கடுமை புரியும். பக்கத்துத் தோப்புக்காரரிடம் சொன்னால் கிடை போட இடம் கொடுத்து, காசும் கொடுப்பார். ஆனால் இரவுக்காவல் முக்கியம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் தெருநாய்கள் பட்டி புகுந்து கடித்துக் கொன்ற ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. சோலார் வேலிக்கு அடியில் மழை அரித்த ஒரு பள்ளம் நாய் நுழையப் போதும். வாரம் ஒரு முறை வேலியடியைச் சுற்றி நடந்து, கல் வைத்து அடைக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் என்றால் யானையும் வரும். மின்வேலி யோசனை இருந்தால், 2023-இல் வந்த தமிழக மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் போய்விட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

பணத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஆட்டுக்காரரிடம் மேய்ச்சல் குத்தகை கேட்பது நியாயமில்லை. அமெரிக்காவில் நிறுவனம்தான் மேய்ப்பருக்குப் பணம் கொடுக்கிறது, ஏனென்றால் அவர் புல் வெட்டுகிற வேலையைச் செய்கிறார். இங்கேயும் பிரஷ் கட்டர் ஆட்களுக்கும் களைக்கொல்லிக்கும் போகிற தொகையில் ஒரு பங்காவது அவருக்குப் போக வேண்டும். குறைந்தபட்சம் மேய்ச்சல், தண்ணீர், தடுப்பூசி மூன்றும் இலவசம். எழுத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை ஆடு, எந்த மாதம் உள்ளே எந்த மாதம் வெளியே, எந்தத் துண்டு எப்போது, கேட் சாவி யாரிடம், பேனல் கழுவும் நாளும் மருந்து தெளிக்கும் நாளும் எத்தனை நாள் முன்னால் சொல்லப்படும், எந்தச் சேதத்துக்கு யார் பொறுப்பு. மூன்று வருடத்துக்காவது போட வேண்டும். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் எந்த ஆட்டுக்காரரும் வெள்ளாட்டை விற்றுவிட்டு மேச்சேரி வாங்க மாட்டார்.

கம்பிவேலிக்கு உள்பக்கம் கிளுவைப் போத்துகளை ஒரு முழ இடைவெளியில் நட்டால், சில வருடங்களில் நாய்க்கும் புழுதிக்கும் தடுப்பாக ஓர் உயிர்வேலி எழும்பிவிடும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதால் தெற்கு வேலியின் நிழல்தான் உள்ளே விழும். காலை மாலையில் கிழக்கு, மேற்கு வேலிகளின் நிழல் நீளும். அந்த மூன்று பக்கமும் ஐந்தடிக்கு மேல் விடாமல் கவாத்து செய்ய வேண்டும். வடக்கு வேலியை இன்னும் கொஞ்சம் வளரவிடலாம். கவாத்தைச் சித்திரைக்குத் தள்ளி வைக்க முடிந்த வேலிப் பக்கங்களில் தள்ளி வையுங்கள். அப்போது உள்ளே புல் இருக்காது, வெட்டிப் போடுகிற கிளுவைத் தழையை ஆடு தின்னும்.